வயதை அளப்பதா, புகையை அளப்பதா?

(மட்டக்களப்பு வாவியின் தென்புறத்தே விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதிக்கு இடப்பட்ட பூட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறக்கப்பட்டது. அன்று தொடக்கம் எம்மிடம் ஒரு கேள்வி அடிக்கடி வருகின்றது. காணி வழக்குக்கு வருபவரும் கேட்கின்றார். கலியாண வீட்டில் பக்கத்தில் அமர்பவரும் கேட்கின்றார். "ஐயா, வீட்டில் நிற்பது பழைய கார். பிழையின்றி ஓடுகின்றது. ஆனால் மகன் சொல்கின்றான், பழைய காரை வைத்திருப்பது சுற்றாடலுக்குச் செய்யும் துரோகம், விற்றுவிட்டுப் புதியது எடுங்கள் என்று. உண்மைதானா?"

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை பகர்பவர், ஒன்றில் கார் விற்பவராக இருத்தல் வேண்டும். அன்றேல் தம் பழைய காரின்மீது காதல் கொண்டவராக இருத்தல் வேண்டும். நாம் இவ்விரு கட்சியிலும் சேர்ந்தவரல்லர். ஆகவே சாட்சிகளை அழைத்து விசாரிப்போம்.

சுற்றாடல் என்ற சொல் காதில் விழுந்ததும் இங்கே அமர்ந்திருக்கும் வேளாண்மைக்காரர் சிலர் முகம் சுளிப்பதை நாம் காண்கின்றோம். காரணமும் அறிவோம். 2021 மே மாதத்தில், மண்ணையும் மக்களையும் காக்கின்றோம் என்று கூறி, இரசாயனப் பசளையின் இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடையை மீளப் பெற்றார்கள். இடையில் விதைத்த பெரும்போகம் என்னவாயிற்று என்பதைப் படுவான்கரை விவசாயிக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நோக்கம் தீயதென்று நாம் கூறவில்லை. கணக்குப் பார்க்காமல் செய்தார்கள். ஒரு நல்ல பெயரைச் சூட்டிவிட்டால் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்று எண்ணினார்கள். கார் விடயத்திலும் அதே பிழை நேர்ந்துவிடலாகாது என்பதே இன்று நாம் பேச வந்ததன் காரணம்.

முதலாவது சாட்சி, எண். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வானில் சேர்கின்றது. பழைய கார் ஒன்று லீற்றருக்கு 10 கிலோ மீற்றர் ஓடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வரும் கலப்பு இயந்திரக் கார் 20 கிலோ மீற்றர் ஓடட்டும். பாதிக்குப் பாதி இலாபம் என்று மகன் சொல்வது இதைப் பார்த்துத்தான். அதில் பொய்யில்லை. ஆனால் அந்தப் புதிய கார் வானத்திலிருந்து விழவில்லை. இரும்பை உருக்கி, அலுமினியத்தை உருக்கி, கண்ணாடி வார்த்து, ரயரும் பற்றரியும் செய்து, கப்பலேற்றி அனுப்புவதற்குள் ஒரு நடுத்தரக் காருக்காகச் சுமார் 6 தொன் காபனீரொட்சைட்டு ஏற்கெனவே வெளியேறிவிடுகின்றது. சிறிய காருக்குச் சற்றுக் குறையும். பெரிய ஜீப் வண்டிக்குக் கூடும். திறப்பு உங்கள் கைக்கு வருமுன்னரே ஏறிவிட்ட கடன் இது.

களுவாஞ்சிகுடியில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரை மனத்தில் நிறுத்துங்கள். கோயிலுக்கும் ஆசுபத்திரிக்கும் மாதமொருமுறை மட்டக்களப்பு நகருக்குமாக ஆண்டுக்கு 5,000 கிலோ மீற்றர் ஓடுகின்றார். பழைய காருக்கு 500 லீற்றர், புதியதற்கு 250 லீற்றர். மிச்சம் 250 லீற்றர். காபனீரொட்சைட்டில் 575 கிலோ. 6 தொன் கடனை ஆண்டுக்கு 575 கிலோவாகத் தீர்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அதற்குள் அவருடைய மகன், அப்பா, இந்தக் காரும் பழசாகிவிட்டது என்று மறுபடியும் வந்து நிற்பான்!

இனி அதே கணக்கை வாடகை வான் ஓட்டும் ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். அவர் நாள்தோறும் ஓடுபவர்; ஆண்டுக்கு 30,000 கிலோ மீற்றர். அதே இரு வண்டிகள் என்று கொண்டால் மிச்சம் 1,500 லீற்றர். கடன் இரண்டு ஆண்டு முடியுமுன்னரே தீர்ந்துவிடுகின்றது. அதற்குப் பின் ஓடும் ஒவ்வொரு மைலும் சுத்த இலாபம். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, "உன் வண்டிக்கு எத்தனை வயது?" என்பதன்று, "உன் வண்டி எவ்வளவு ஓடுகின்றது?" என்பதேயாகும். உங்கள் உழவு இயந்திரத்தையே பாருங்கள். மசி பெர்குசன் 35 இன்னும் வயலில் இறங்குகின்ற ஊர்கள் இங்கே உண்டு. உழவுக்காலம் சில கிழமைகள்; மிகுதிக் காலத்தில் அது மரத்தடியில் நிற்கின்றது. நிற்கும் இயந்திரம் எவருடைய காற்றையும் கெடுப்பதில்லை.

மின்சாரக் கார் வந்துவிட்டதே, அதற்குப் புகையே இல்லையே என்பார்கள். குழாயில் புகை இல்லை, மெய்தான். ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? மழை பெய்தால் மலையகத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வருகின்றது. வரட்சியில் 900 மெகாவாற்று நுரைச்சோலை அனல் நிலையத்து நிலக்கரிமீதே பெரிதும் சாய்கின்றது. அப்படியிருந்தும் மின்சாரக் கார், பெற்றோல் காரிலும் பார்க்க மொத்தத்தில் குறைவாகவே புகைக்கின்றது என்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். அதன் பற்றரியைச் செய்வதற்கு மேலும் சில தொன் கடன் ஏறுகின்றது என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். நாள் முழுதும் ஓடும் முச்சக்கர வண்டிக்கு, கூரைமேல் சூரியத் தகடும் இருந்தால், மின்சாரம் மிகப் பொருத்தம். கிழமைக்கு ஒருநாள் கோயிலுக்குப் போகும் காருக்கு அன்று.

இரண்டாவது சாட்சி, விற்ற கார். பழையதை விற்றுப் புதியதை வாங்கியவர் தம் பாவம் தீர்ந்தது என்று எண்ணுகின்றார். அந்தப் பழைய கார் எங்கே போயிற்று? எழுவான்கரையில் விற்றதை மண்முனைப் பாலத்தால் கொண்டுபோய்ப் படுவான்கரையில் ஒருவர் ஓட்டுகின்றார். முன்னர் ஒரு கார் ஓடிய இடத்தில் இப்போது இரண்டு ஓடுகின்றன. வாங்கியவரை நாம் குறைகூறவில்லை. பொழுது சாய்ந்தால் பஸ் வராத ஊரில் இருப்பவருக்கு, பிரசவ வேதனையில் துடிக்கும் மகளை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல ஒரு வாகனம் வேண்டாமா? ஆனால் விற்றவர் சுற்றாடலைக் காத்ததாகப் பெருமை பேசுவதற்கு அதில் இடமில்லை.

விற்காமல் உடைத்துவிட்டாலோ? அதையும் செய்து பார்த்த நாடுகள் உண்டு. 2009-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் ஏறத்தாழ 300 கோடி டொலர் செலவிட்டு, 6,77,000 அளவிலான வண்டிகளை ஒழித்தது. ஓடக்கூடிய இயந்திரங்களுக்குள் சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலை ஊற்றி, அவை இறுகும்வரை ஓட்டி, மீண்டும் எழாதபடி செய்தார்கள். அதே ஆண்டு ஜேர்மனி, 9 வயது கடந்த காரைக் கொடுத்துப் புதிது வாங்கியவருக்கு 2,500 யூரோ கொடுத்தது. சுமார் 20 இலட்சம் கார்கள் அவ்வாறு கழிக்கப்பட்டன. அவ்வாண்டு உலகப் பொருளாதாரம் சரிந்த வேளை. கார்த் தொழிற்சாலைகளைத் தூக்கி நிறுத்துவதே அவர்களது முதல் அக்கறை. தம் நாட்டில் செய்யும் காரைத் தம் மக்களே வாங்குமாறு செய்வது அவர்களுக்கு இலாபமாகலாம். ஒரு காரையேனும் முழுமையாகச் செய்யாமல், எல்லாவற்றையும் டொலர் கொடுத்து வாங்கும் நாம், 2022-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாம், பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாம், அவர்களைப் பார்த்து ஓடுகின்ற இயந்திரத்தை உடைப்பதா?

நிற்க. எதிர்த்தரப்பு வாதத்தையும் முழுமையாக எடுத்துரைப்பது வழக்கறிஞர் கடமை. இதுவரை நாம் பேசியது வானம் சூடாவது பற்றி. மூக்கினுள் போகும் புகை வேறு வழக்கு. பழைய இயந்திரம் ஒன்று கக்கும் கரியும் நச்சு வாயுவும், வினையூக்கி மாற்றி பொருத்திய புதிய காரினுடையதிலும் பன்மடங்கு கூடியவை. பஸ் நிலையத்தருகே கடை வைத்திருப்பவரும், வீதியோரப் பாடசாலைப் பிள்ளையும் சுவாசிப்பது இதைத்தான். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்து ஓஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின; அந்தச் சாமர்த்தியத்தை இன்றும் புகழ்கின்றோம். அவற்றின் பின்னால் சைக்கிளில் போனவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். ஆகவே, பழைய கார் என்பதனாலேயே அது புனிதமாகிவிடாது.

ஆனால் இங்கும் வயது நல்ல அளவுகோலன்று. நன்றாகப் பராமரித்த முப்பது வயதுக் கார், பராமரிப்பே காணாத பத்து வயது டீசல் வானிலும் சுத்தமாக ஓடுவதுண்டு. காற்று வடியை மாற்றி, காபரேற்றரைச் சீர்செய்து, தேய்ந்த பிஸ்ரன் வளையங்களை மாற்றி, டீசலாயின் நொசிலைச் சுத்தம் செய்து, ரயருக்குச் சரியாகக் காற்றடித்தால் எண்ணெயும் மிச்சம், புகையும் குறைவு. மறுபுறத்தில், புதிய காரின் வினையூக்கி மாற்றியை அதிலுள்ள விலையுயர்ந்த உலோகத்துக்காகக் கழற்றி விற்றுவிட்டு ஓட்டுபவரும் உளர். ஆண்டைப் பார்த்தால் அந்தக் கார் இளையது; புகையைப் பார்த்தால் கிழம்.

இந்த உண்மையை எமது நாட்டுச் சட்டம் உணர்ந்திருந்தது என்பதை மகிழ்ச்சியோடு கூறுகின்றோம். சட்டத்தரணி லலாநாத் த சில்வா தாக்கல் செய்த 569/98 இலக்க அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றதன் விளைவாக, 1980-ம் ஆண்டின் 47-ம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வாகனப் புகைக்கு எல்லை வகுக்கும் ஒழுங்குவிதிகள் 2000-ம் ஆண்டில் பிறந்தன. 2002-ல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அதனால் புதிய கார் மாத்திரமன்றிப் பழைய காரும் ஈயம் கக்குவதை நிறுத்தியது. எவரும் காரை விற்கவில்லை! 2008-ல் இரண்டு அடிப்பு இயந்திரம் கொண்ட முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை நிறுத்தினார்கள். ஏற்கெனவே ஓடியவரின் பிழைப்பைப் பறிக்கவில்லை. அதே ஆண்டு தொடங்கிய ஆண்டுப் புகைப் பரிசோதனையும் வயதைக் கேட்பதில்லை. குழாயில் வருவதை அளக்கின்றது. பரிசோதனை நாளன்று மட்டும் இயந்திரத்தைத் திருகிச் சீராக்கி, மறுநாள் பழையபடி திருகிக்கொள்ளும் கெட்டிக்காரர்கள் உண்டு என்பது வேறு விடயம்.

டில்லியில் வேறு வழி சென்றார்கள். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டியும், பதினைந்து ஆண்டு கடந்த பெற்றோல் வண்டியும் ஓடலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் விதித்ததை 2018-ல் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 யூலையில் அத்தகைய வண்டிகளுக்கு எண்ணெய் அடிக்கக்கூடாதென்ற கட்டளையை நடைமுறைப்படுத்த முனைந்தார்கள். மக்கள் கொதித்தெழவே சில நாட்களில் நிறுத்திவைத்தார்கள். டில்லியின் காற்று எமது காற்றன்று. அங்குள்ள மூச்சுத் திணறல் அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது. ஆயினும், ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோ மீற்றர் ஓடிய கிழவரின் காரும், இரண்டு இலட்சம் ஓடிய வாடகை வண்டியும் ஒரே நாளில் ஒரே தண்டனை பெற்றால், அதை நீதியென்று எப்படிச் சொல்வது? அந்த வழியை இங்கே கொண்டுவர எவரேனும் எண்ணினால், முதலில் எதிர்க்கப் போகின்றவர்கள் நாமே.

கல்லடியில் 2013-ல் புதிய பாலம் திறந்தபோது பழைய பாலத்தை எவரும் ஆற்றில் தள்ளவில்லை. பாரத்தைப் புதியது சுமக்கின்றது. நடந்து செல்வோரைப் பழையது சுமக்கின்றது. வாகனத்திலும் அந்த ஒழுங்கே தகும். அரசிடம் டொலர் இருக்குமாயின் அது முதலில் பஸ் வண்டிக்குப் போகட்டும். நாள்தோறும் ஓடி, நாற்பது பேரை ஏற்றி, கரும்புகை கக்கும் பஸ் ஒன்றை மாற்றுவது, நிற்கின்ற நாற்பது கார்களை மாற்றுவதிலும் மேலானது. வெல்லாவெளிக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் நேரத்துக்கு ஒரு நல்ல பஸ் ஓடினால் பழைய காரோ புதிய காரோ பலருக்குத் தேவைப்படாது.

இறுதியாக வாவியைப் பற்றிப் பேச வேண்டும். பழைய காரை வைத்திருப்பவரின் உண்மையான குற்றம் பெரும்பாலும் வானில் இல்லை, தண்ணீரில் உண்டு. கராச்சில் மாற்றிய கறுத்த எண்ணெய் எங்கே போகின்றது? கானுக்குள். கானிலிருந்து ஆற்றுக்குள். ஒரு லீற்றர் பழைய எண்ணெய் பத்து இலட்சம் லீற்றர் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் எச்சரிக்கின்றது. எமது வாவியோ 56 கிலோ மீற்றர் நீளத்தில் மெல்ல அசையும் நீர். முகத்துவாரம் அடைத்துக் கிடக்கும் மாதங்களில் விழுந்தது விழுந்தபடி கிடக்கும். இறாலும் நண்டும் வளர்வது அந்தக் கண்டல் வேர்களுக்கிடையில்தான். வண்டியை ஆற்றில் இறக்கிக் கழுவுவதும், பழைய பற்றரியை உடைத்து வளவுக்குள் ஈயம் உருக்குவதும் இதே கணக்கில் சேரும். புதிய கார் வாங்கியவரும் எண்ணெய் மாற்றத்தான் போகின்றார். ஆகவே இது காரின் வயதோடு தீரும் தொல்லையன்று.

இதற்குக் கொழும்பைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டின் 15-ம் இலக்கச் சட்டம் சுகாதாரத்தையும் கழிவகற்றலையும் பிரதேச சபைகளின் கையில் கொடுத்துள்ளது. 2025 மே மாதத்தில் நீங்களே வாக்களித்து அச்சபைகளுக்கு உறுப்பினர்களை அனுப்பியுள்ளீர்கள். ஒவ்வொரு கராச்சிலும் பழைய எண்ணெய்க்கு ஒரு மூடிய பீப்பாய் இருக்க வேண்டும். சபையின் வண்டி மாதமொருமுறை அதை எடுத்துச் செல்ல வேண்டும். பழைய பற்றரியை வாங்குபவர் சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆற்றில் வண்டி கழுவுவதைத் தடுக்க வேண்டும். இம்மூன்று நான்கு வரிகளைக் கொண்ட வரைவுத் தீர்மானம் ஒன்றை நாம் எழுதிக்கொண்டு வந்திருக்கின்றோம். படிகள் மேசையில் உள்ளன. சபை உறுப்பினர்கள் இருவர் இங்கே அமர்ந்திருப்பதைக் காண்கின்றோம். அவர்கள் ஆளுக்கொரு படி எடுத்துச் செல்ல வேண்டும். கராச் வைத்திருக்கும் நண்பர்கள் கூட்டம் முடிந்ததும் சற்றுத் தங்கி, பீப்பாய்க்கு ஆகும் செலவை எவர் ஏற்பது என்பதை எம்முடன் பேசிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.