பூட்டு இருந்தும் பூட்டாத கதவு

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



கணிப்பொறிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிந்தவுடன், "அது படிக்கிற பிள்ளைகளுக்கு உரிய காரியம், நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால் நம்மில் அநேகர் வீட்டில் கணிப்பொறியோ கைப்பேசியோ இருக்கிறது. பென்ஷன் கணக்கு, மின்கட்டணம், பேரப்பிள்ளைகளின் படங்கள், சங்கத்தின் வரவு செலவு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஆகவே இது நம்முடைய காரியமும்கூட. உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தோடு ஆரம்பிக்கிறேன்.

2017-ஆம் ஆண்டு மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கணிப்பொறித் திரைகளில் திடீரென்று ஒரு சிவப்பு அறிவிப்பு தோன்றியது. கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க வேண்டுமானால் 300 டாலர் பிட்காயினாகத் தரவேண்டும் என்று அது மிரட்டியது. 'வானாக்ரை' என்பது அந்தக் கேடான நிரலின் பெயர். நோயாளிகளின் குறிப்புகளைத் திறக்க முடியவில்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்தையும் பேனாவையும் கையில் எடுத்தார்கள். ஐந்து இடங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தூரத்திலுள்ள வேறு மருத்துவமனைகளுக்குப் போகவேண்டியதாயிற்று. நோயாளிகளுக்குக் குறித்துக் கொடுத்திருந்த நேரங்களில் ஏறக்குறைய 19,000 ரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அவற்றில் அறுவை சிகிச்சைகளும் உண்டு.

இதில் நம்மை வருத்தப்பட வைக்கும் செய்தி ஒன்று இருக்கிறது. விண்டோஸில் இருந்த எந்த ஓட்டை வழியாக அந்த நிரல் நுழைந்ததோ, அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம் இருந்தது. பூட்டைக் கையில் கொடுத்திருந்தார்கள். பல இடங்களில் அதை யாரும் கதவில் மாட்டவில்லை. ஒரு கணிப்பொறிக்குள் புகுந்த அந்த நிரல், யாரும் எதையும் அழுத்தாமலே பக்கத்துக் கணிப்பொறிக்குத் தாவியது. ஒருவருடைய கவனக்குறைவு அவரோடு நிற்காமல் மற்றவர்களையும் தாக்கிற்று.

ஆகவே முதல் பாடம் இதுதான். உங்கள் கணிப்பொறியோ கைப்பேசியோ 'அப்டேட்' செய்யட்டுமா என்று கேட்டால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். இரவில் சார்ஜில் போட்டுவிட்டு அனுமதி கொடுங்கள். பழைய விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு, புதிய பதிப்புக்கு மாற முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சம்பவம் நம் தேசத்திலேயே நடந்தது. 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. பதிவு, அனுமதி, டிஸ்சார்ஜ் முதலிய வேலைகளைப் பல நாட்கள் கையால் எழுதி நடத்தினார்கள். ஆனாலும் ஒரு பேக்கப் சர்வர் பாதிக்கப்படாமல் தப்பியிருந்தது. அதிலிருந்துதான் நோயாளிகள் சம்பந்தமான தகவல்களை மீட்டெடுத்தார்கள்.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சங்கத்தின் இரண்டு வருடக் கணக்கை நான் ஒரே கணிப்பொறியில் வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் அதன் ஹார்டு டிஸ்க் உயிரை விட்டது. பழைய ரசீதுக் கட்டுகளைத் தரையில் பரப்பிவைத்து ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். திருடன் யாரும் வரவில்லை. என் சோம்பல்தான் காரணம். முக்கியமான கோப்புகளை மாதம் ஒருமுறை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்தவுடன் அந்த டிஸ்க்கைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் வருகிற கேடு அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மூன்றாவது, கடவுச்சொல். அதாவது பாஸ்வேர்டு. வீட்டுக்கும் பீரோவுக்கும் வண்டிக்கும் ஒரே சாவி வைத்துக்கொள்கிறோமா? அப்படியே வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வெவ்வேறு கடவுச்சொல் இருக்கட்டும். சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம். நினைவில் நிற்காவிட்டால் ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் பூட்டி வைப்பதில் தவறில்லை.

நான்காவது, அவசரம். இன்று ஏமாற்றுகிறவர்களில் பலர் கணிப்பொறியை உடைப்பதில்லை. நம்முடைய பயத்தையும் இரக்கத்தையும் தட்டுகிறார்கள். "இன்றைக்குள் கணக்கு முடக்கப்படும்", "உங்கள் மகன் போலீஸ் பிடியில் இருக்கிறான்", "வீடியோ அழைப்பிலேயே உங்களைக் கைது செய்கிறோம்" என்பார்கள். தொலைபேசி வழியாகக் கைது செய்யும் சட்டம் நம் நாட்டில் கிடையாது. ஓடிபி எண்ணை எந்த வங்கியும் போனில் கேட்காது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணைப் போடவேண்டியதில்லை. போடச் சொன்னால், பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

தாராள மனதோடு கொடுக்கிற உங்களுக்கு இதில் கூடுதல் எச்சரிப்பு தேவை. போதகர் பெயரிலோ, மருத்துவமனை பெயரிலோ, அவர்களுடைய படத்தோடேகூட, "அவசரம், உடனே இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்" என்று செய்தி வரலாம். குரலும்கூட அவர்கள் குரலைப் போலவே இருக்கலாம். அதில் கண்ட எண்ணைக் கூப்பிடாதீர்கள். உங்கள் பழைய டைரியில் இருக்கிற எண்ணைக் கூப்பிட்டு விசாரியுங்கள். விசாரித்ததற்காக உண்மையான ஊழியர் எவரும் வருத்தப்படமாட்டார்.

இத்தனைக்குப் பிறகும் ஏமாந்துவிட்டால்? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறோமோ, பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. வீட்டில் பெரியவர் யாராவது ஏமாந்திருந்தால், பிள்ளைகளே, அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பலர் மூன்று நாள் கழித்து வாய் திறக்கிறார்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். நிலுவையில் நிற்கிற அந்த அப்டேட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் படுங்கள். மற்றவற்றை வாரத்துக்கு ஒன்றாகச் செய்துகொள்ளலாம்.