சலத்தை அளந்து பாருங்கள்

தாய்மாரே, வயலில் இருந்து நேரே வந்திருக்கும் அண்ணன்மாரே,

இன்றைக்கு நான் சலத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மேடையில் பேசுகிற விடயமா இது என்று யாராவது முகம் சுழிக்கலாம். அந்த வெட்கத்தோடுதான் எனக்குச் சண்டை. வாட்டில் காய்ச்சலோடு கிடப்பவரிடம் சாப்பிட்டீங்களா, நித்திரை கொண்டீங்களா என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்பார்கள். கடைசியாக எப்போது சலம் போனீங்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சலம் குறைந்தால் சிறுநீரகத்தைக் கவனிக்கவேண்டும். சீனி வருத்தத்தால் வருடக்கணக்கில் தேயும் சிறுநீரகத்தை நான் சொல்லவில்லை. நல்லாயிருந்த சிறுநீரகம் சில மணித்தியாலங்களில், சில நாட்களில் செயலிழப்பதைச் சொல்கிறேன். உலகில் ஆண்டுக்கு 1 கோடி 30 லட்சம் பேருக்கு இது வருகிறது, 17 லட்சம் பேர் சாகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தடுக்கக்கூடிய சாவு ஒன்றுகூட 2025க்குப் பிறகு இருக்கக்கூடாது என்று சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் 2013இல் இலக்கு வைத்தது. 2025 வந்தது, சாவு நிற்கவில்லை.

நமக்கு இது எங்கிருந்து வருகிறது? வயல் வக்கடையில் இருந்து வருகிறது. எலியின் சலம் கலந்த சேற்றுத் தண்ணீர், காலில் ஒரு வெடிப்பு, அவ்வளவு போதும். 2008இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் கண்டு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் மர்மக் காய்ச்சல் என்று சனம் பயந்ததும் இதற்குத்தான். நாம் என்ன செய்கிறோம்? உடம்பு நோவுக்குப் பாமசியில் டைக்குளோபினாக் வாங்கி விழுங்குகிறோம். காய்ச்சலில் நீர்வற்றிக் கிடக்கும் சிறுநீரகத்துக்குப் போகிற கொஞ்ச இரத்தத்தையும் அந்தக் குளிசை குறைத்துவிடும். புடையன் பாம்பு கடித்தாலும் அடிபடுவது சிறுநீரகம்தான். கடித்தவுடன் 1990க்கு அடியுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் வண்டிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனபிறகும் ஆபத்து விட்டுவிடாது. கிருமி இரத்தத்தில் ஏறினால், பெரிய சத்திரசிகிச்சை நடந்தால், சில ஊசிமருந்துகளால்கூட, வேறு வருத்தத்துக்கு வந்தவரின் சிறுநீரகம் கெடலாம். சிறுநீரகம் கெட்டதை இரத்தத்தில் கிரியற்றினின் என்ற கழிவு ஏறிக் காட்ட ஒரு நாள்கூடப் பிந்தும். சலம் முந்திக் குறையலாம். 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறைவாக, ஆறு மணித்தியாலம் தொடர்ந்து போனால், அது எச்சரிக்கை. ஒரு மிஸ்ஸி எத்தனை கட்டிலைப் பார்ப்பா? பக்கத்தில் நிற்கிற நீங்கள் போத்தலில் அளந்து, நேரத்தோடு எழுதி அவவிடம் காட்டுங்கள். பிறகு என்ன மருந்தை நிறுத்துவது, எவ்வளவு சேலைன் ஏற்றுவது என்பது டொக்டரின் வேலை.

இன்னொன்று, கவனமாகக் கேளுங்கள். சலம் நின்றவருக்கு "தண்ணி குடி, வரும்" என்று செம்பு செம்பாகக் கொடுக்காதீர்கள். வெளியேற வழியில்லாத தண்ணீர் நுரையீரலில் தேங்கும், மூச்சு முட்டும்.

இரத்தம் சுத்திகரிக்கும் மெசினில் போட்டால் ஆள் முடிந்தது என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. பிழையான கதை. பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கப் பார்க்கும்போது, சிறுநீரகம் தேறும்வரை உயிரைப் பிடித்து வைப்பதற்குத்தான் அந்த மெசின். எலிக்காய்ச்சலில் இருந்து பிழைத்த பெரும்பாலானோருக்குச் சலம் திரும்பி வருகிறது. மூன்று மாதம் கழித்து ஒருதரம் இரத்தம் பார்க்கவேண்டும். சிலருக்கு உள்ளுக்குள் சேதம் மிஞ்சும்.

இனி வட்டை விதானைமாரிடம் ஒரு கேள்வி. பெரும்போகத்து ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதி, மாடு அகற்றும் திகதி எல்லாம் எழுதுகிறீர்கள். வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்க வாரம் ஒருதரம் டொக்சிசைக்கிளின் கொடுக்கச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இருக்கிறது. ஆருக்குக் கூடாது என்றும் அவர்களே சொல்வார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அந்தக் கூட்டத்துக்கே கூப்பிட்டு, குளிசை கொடுக்கும் திகதியையும் அதே கொப்பியில் எழுதுவீர்களா?