பீலித் தண்ணீரும் களனி கங்கையும்
(தோட்டத்து மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரிப் பிரிவின் சார்பில் நிகழ்த்திய உரை)



ஆற்றைப் பாதுகாக்க வேண்டும் என்றால் அது கொழும்புக்காரர் வேலை என்று நினைக்கிறோம். நம்ம பீலியில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது? பீலியிலிருந்து கான், கானிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து மஸ்கெலியா ஓயா, அங்கிருந்து மவுசாகலை நீர்த்தேக்கம். பிறகு கெனியன், லக்ஷபான என்று மின்சாரம் தந்துகொண்டே இறங்குகிறது. காசல்ரீ பக்கமிருந்து வருகிற கெஹெல்கமு ஓயாவோடு கித்துல்கலைக்கு மேலே சேர்ந்த பிறகுதான் அதற்குக் களனி கங்கை என்று பேர். எட்டியாந்தோட்டை, அவிசாவளை, கடுவெல தாண்டி மட்டக்குளியில் கடலில் விழுகிறது. ஆற்றின் நீளம் 145 கிலோமீற்றர். இந்த ஆற்றுக்கு மழைத்தண்ணீர் வடிந்து வருகிற மலை, தோட்டம், வயல், டவுன் எல்லாம் சேர்ந்ததுதான் ஆற்று வடிநிலம். நம்ம லயமும் அதற்குள்தான் இருக்கிறது.

கொழும்பு குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கை அம்பத்தலையில் இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். 2015 ஆகஸ்ட்டில் ஒரு தொழிற்சாலையிலிருந்து டீசல் கசிந்து ஆற்றில் கலந்ததால் அங்கே குழாய்த் தண்ணீரே தடைப்பட்டது. 2016-ல் மத்திய சுற்றாடல் அதிகார சபை ஐ.யூ.சி.என். அமைப்போடு சேர்ந்து வடிநிலம் முழுவதற்கும் ஒரு திட்டம் தயாரித்தது. நல்ல காரியம். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அம்பத்தலையில் தண்ணீரை வடித்து, குளோரின் போட்டுத்தான் குழாயில் விடுகிறார்கள். நம்ம பல டிவிஷன்களில் ஊற்றிலிருந்து டேங்க், டேங்கிலிருந்து பைப், பைப்பிலிருந்து குடம். நடுவில் ஒன்றுமில்லை. ஆகவே மேலே தண்ணீர் கெட்டால் முதலில் படுக்கிறது கொழும்புப் பிள்ளை இல்லை, நம்ம பிள்ளைதான்.

மலைத்தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்பார்கள். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி இவற்றின் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. ஊற்றுக்கு மேற்புறம் கக்கூசுக் குழி இருந்தால், மழைக்கு அது கசிந்து கீழேதான் வரும்.

கக்கூசு விஷயத்தை வெளிப்படையாகவே பேசுவோம். பல குடும்பத்துக்கு ஒரு கக்கூசு, அதுவும் நிறைந்து கானில் வடிகிறது என்றால், பிள்ளைகள் ஓடைக்கரைக்குப் போகிறார்கள் என்று ஏசிப் பிரயோசனமில்லை. திருத்தித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. கேட்பது நம்ம பொறுப்பு. வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். மாதர் சங்கத்தின் பேரில், எந்த லயம், எத்தனை குடும்பம், எத்தனை கக்கூசு என்று கணக்கோடு எழுதித் தாருங்கள். நாங்கள் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அதன் பிரதி ஒன்று பிரதேச சபைக்கும் போகட்டும்.

மருந்து அடிக்கிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. டேங்கை ஓடையில் கழுவாதீர்கள். கழுவிய தண்ணீரை மருந்து அடித்த மலையிலேயே தெளித்துவிடலாம். வெறும் மருந்து கேன் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பிடிக்கக் கூடாது. ஸ்டோரிலேயே திருப்பிக் கொடுங்கள்.

டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாத சீசன். நல்லதண்ணி வழியாக வருகிற சனம் போடுகிற போத்தலும் பையும் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. 1969-ல் மூழ்கிய பழைய மஸ்கெலியா டவுனின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும். பார்க்கப் போகிறவர்கள் கரையில் கிடக்கிற பிளாஸ்டிக்கையும் பார்த்திருப்பீர்கள். அதில் நம்ம லயத்துப் பையும் இல்லையென்று சொல்ல முடியாது.

தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னால், விறகு ஏது என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். குமிழி விட்டுக் கொதித்த பிறகு ஒரு நிமிஷம் இருந்தால் போதும். குடிக்கிற தண்ணீருக்கு மட்டுமாவது செய்யுங்கள். பிள்ளைக்காம்பராவுக்குக் கொடுத்தனுப்புகிற போத்தலில் பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

பீ.எச்.ஐ. ஐயாவிடம் சொல்லி, மேல் டிவிஷன் ஊற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பக் கேட்டிருக்கிறோம். முடிவு எப்படி இருந்தாலும் பிரட்டுக் களத்தில் வாசித்துக் காட்டுவோம். அதற்கு முன் வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு அங்கே சிரமதானம். ஊற்றைச் சுற்றி மாடு இறங்காமல் வேலி கட்ட வேண்டும், டேங்குக்கு மூடி போட வேண்டும், மேற்புறம் ஒரு கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டி, கத்தியோடு வாருங்கள். தேத்தண்ணீரும் பணிசும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.