தீபாவளி முற்பணம் இனாம் அல்ல



தீபாவளி முற்பணத்தை நாம் போனஸ் மாதிரி செலவழிக்கிறோம். அது நம்ம சம்பளம்தான், முன்கூட்டியே கைக்கு வருகிறது. 20,000 ரூபா எடுத்து, பத்து மாதம் கழித்தால், மாதம் 2,000 குறையும். தைப்பொங்கலும் அதற்குள்ளேதான் வரும். மேற்குச் சரிவுத் தோட்டங்களில் தை, மாசி வெயிலுக்குக் கொழுந்தும் குறைந்துவிடும். பிறகென்ன, கடையில் பற்று, காதுத் தோடு அடகு!

சித்திரை, வைகாசியில் கொழுந்து நிறையும்போது, கூடுதல் கிலோவுக்கு வரும் காசை அம்மா பெயரில் வங்கியில் போடுவோம். (வீட்டில் வைத்தால் எங்கே போகும் என்று தாய்மார்களுக்குத் தெரியும்!) மாதம் 1,000 என்றாலும் ஐந்து மாதத்தில் 5,000. பிள்ளைகளின் உடுப்பு அதில் முடியும். முற்பணத்தில் பாதி எடுத்தால் போதும், கழிவும் பாதிதான். இந்தச் சம்பளத்திலேயே புத்தகம் திறக்க வாங்க.