கேட்கத் தெரிந்த நடிகர்



தூத்துக்குடிச் சீமையிலே 1914இல் பிறந்து, நாடக மேடையில் பயின்று, எல்லிஸ் ஆர். டங்கனின் ‘சதி லீலாவதி’ வாயிலாக 1936இல் திரையுலகப் பிரவேசம் செய்து, 1972இல் காலமான டி.எஸ். பாலையா அவர்களைச் சகல வேஷத்துக்கும் பொருந்திய நடிகர் என்று புகழ்வது வழக்கம். ‘அம்பிகாபதி’யிலே தியாகராஜ பாகவதருக்கு விரோதியான ருத்ரசேனன், ‘தூக்குத் தூக்கி’யில் சேட், ‘பாமா விஜயம்’ படத்தில் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனார் என்று ஜாபிதா நீளும். ஆனால் வேஷங்களை எண்ணிக்கொண்டு போவதில் எனக்கு அவ்வளவு சிரத்தையில்லை. பிறர் பேசும்போதும் பாடும்போதும் கேட்டுக்கொண்டிருப்பதையே ஓர் அபிநயமாக்கினாரே, அந்த வித்தையைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன்.

‘திருவிளையாடல்’ படத்திலே ஹேமநாத பாகவதராகப் பாண்டியன் சபைக்கு வந்து, ஒரு நாள் போதுமா என்று அவர் சவால் விடுகிற பாட்டின் சாரீரம் பாலமுரளி கிருஷ்ணாவுடையது என்பது ஊரறிந்த சங்கதி. அகம்பாவம் முழுக்கப் பாலையாவுடையது. அன்றிரவு விறகு விற்க வந்தவன் திண்ணையிலிருந்து பாடத் தொடங்கியதும், பகலெல்லாம் நிமிர்ந்திருந்த அந்த வித்வானுடைய கர்வம் முதலில் திடுக்கிட்டு, பிறகு பிரமித்து, கடைசியில் ஊரைவிட்டே ஓடத் துணிகிற வரையில் படிப்படியாகக் கரைவதை நாம் அவர் முகத்திலே காண்கிறோம். அதற்கு முந்தின வருஷம் வந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் காரியம் இன்னும் கடினம். நாகேஷ் பேய்க்கதை சொல்கிறார். கதவு திறக்கும் ஓசையும் காலடி ஓசையும் அவர் வாயிலிருந்தே வருகின்றன. பாலையாவுக்கு அநேகமாக வசனமே கிடையாது. பயம் கண்ணில் புகுந்து, கன்னத்தைத் துடிக்கவைத்து, தோட்ட முதலாளியின் மிடுக்கையெல்லாம் அடியோடு வாங்கிக்கொண்டு போகிறது. நாம் சிரிப்பது கதையைக் கேட்டா, அதைக் கேட்பவரைப் பார்த்தா?

நாகசுரக்காரர் எங்கே நிறுத்துவார், எங்கே தொடுப்பார் என்று செவியைத் தீட்டிக்கொண்டிருப்பதே தவில்காரரின் தொழிலாகையால், 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ எடுத்த ஏ.பி. நாகராஜன் தவில் முத்துராக்கு வேஷத்தை அவரிடம் ஒப்படைத்தது மிகப் பொருத்தமே. வாணவேடிக்கைச் சத்தத்துக்குக் கோபித்துக்கொண்டு வாசிப்பை நிறுத்திவிடுகிற சிக்கல் சண்முகசுந்தரமாகிய சிவாஜியின் மீதே எல்லோருடைய கண்ணும் போவது இயற்கைதான். அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்க நேரும்போது, பக்கத்திலே தவிலோடு உட்கார்ந்திருப்பவரையும் சற்றுக் கவனியுங்கள்.