தீப்பெட்டிப் படம் தேடுவோர்



பழம்பொருள் என்றவுடன் செப்பேடும் ஐம்பொன் சிலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், நேற்றுவரை நாம் கையாண்டுவிட்டு எறிந்த பொருள்களையும் அரும்பொருள்களாகக் கருதித் தேடுவோர் உலகில் உண்டு. அமெரிக்காவில் பழைய மின்விசிறிகளைத் திரட்டுவோருக்கென ஒரு சங்கமே இருக்கிறது. துருவேறிய கூரை விசிறி ஒன்றைக் கழற்றித் துடைத்து மீண்டும் சுழல வைப்பதில் அவர்கள் பேரின்பம் காண்கின்றனர். எங்கள் விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் தேடப்படும் பொருள் அதனினும் மிகச் சிறியது. தீப்பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட படத்தாளே அது. எங்கள் பக்கத்தில் அதனை லேபிள் என்றே சொல்லுவோம்.

தீப்பெட்டிக்குப் படம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டிகள் கப்பலேறி வந்த காலத்தில், அவற்றை வாங்கிய நம் மக்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்கள் கடையில் நின்று கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. "புலி மார்க் கொடு", "கப்பல் மார்க் கொடு" என்றே கேட்டனர். படமே பெயராயிற்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923ஆம் ஆண்டில் தம் ஊரில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தொழிற்கூடங்கள் பெருகப் பெருக லேபிள்களின் தேவையும் பெருகியது. அத்தேவையே சிவகாசியில் அச்சுத் தொழில் வேரூன்றக் காரணமாயிற்று. இன்று உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டிக்கு அந்தச் சிறு லேபிளைத்தான் பாட்டன் என்று சொல்லவேண்டும்.

நான் தொடக்கப்பள்ளியில் பயின்ற 1960களில், பையன்களிடம் காசைக் காட்டிலும் இந்தப் படங்களுக்கே மதிப்பு அதிகம். தரையில் வட்டம் கீறி, அதனுள் படங்களை வைத்து, தட்டைக் கல்லால் எறிந்து வெளியே தள்ளுவோம். தள்ளியவனுக்குப் படம் சொந்தம். அக்காலத்தில் படத்தின் வரலாற்றை யார் நினைத்தார்கள்!

இப்பொழுது சென்னையிலிருந்தும் டில்லியிலிருந்தும், ஏன், கடல் கடந்தும் லேபிள்களைத் திரட்டுவோர் இருக்கின்றனர். பழைய பேப்பர் கடை, மூடிவிட்ட அச்சகம், பரணிலிருந்து இறக்கிய கணக்குப் பேரேடு ஆகிய இடங்களில் அவர்கள் கண்கள் துழாவுகின்றன. பலகாலம் விற்ற மார்க்குகள் எளிதாகக் கிடைக்கும். ஓராண்டோ ஈராண்டோ நடந்து மூடப்பட்ட சிறிய 'தீப்பெட்டி ஆபீஸ்' ஒன்றின் லேபிள்தான் அரிது. (எங்கள் மக்கள் தொழிற்சாலை என்று சொல்லார், ஆபீஸ் என்பதே வழக்கு.) புகழ்பெற்ற மார்க்கைப் பார்த்து, ஓர் எழுத்தை மாற்றியும் விலங்கின் தலையைத் திருப்பியும் அச்சிட்ட போலிகளும் உண்டு. வியப்பென்னவென்றால், அசலைவிடப் போலிக்குச் சில வேளைகளில் விலை கூடுதல்!

அரிது என்பதற்காக மட்டும் ஒன்றைத் திரட்டுவதில் எனக்கு மதிப்பில்லை. அந்தத் தாள் என்ன சொல்லுகிறது என்று கேட்பவரையே நான் மதிப்பேன். பெரும்பாலான லேபிள்களில் ஆண்டு குறிக்கப்படுவதில்லை. எனினும் ஆண்டை அறிய வழிகள் உண்டு. ஊரின் பெயர் 'விருதுபட்டி' என்று இருக்குமானால், அது 1923ஆம் ஆண்டில் விருதுநகர் என மாறிய பெயர் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். 1934ஆம் ஆண்டில் தீப்பெட்டிக்கு ஆயத்தீர்வை வந்தது. தீர்வை செலுத்தியதற்கு அடையாளமாக ஒரு பட்டைத்தாளைப் பெட்டியின் மேல் ஒட்டினார்கள். பெட்டியைத் திறந்தால் அது கிழிந்துவிடும். ஆகவே முழுப் பட்டைத்தாள் கிடைப்பது அருமை. விலை 'நயா பைசா' என்று அச்சாகியிருந்தால், அது 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால், 1972 ஆகஸ்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. 'இராமநாதபுரம் மாவட்டம்' என்றிருந்தால் பெரும்பாலும் 1985க்கு முந்தியது. 'காமராஜர் மாவட்டம்' என்றிருந்தால் 1985க்கும் 1997க்கும் இடைப்பட்டது. கல்வெட்டாராய்ச்சியாளர் எழுத்தின் வடிவங்கொண்டு காலம் கணிப்பதைப் போன்றதே இதுவும். உங்கள் வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம், செலவு ஒன்றுமில்லை.

ஆனால் லேபிள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அதனைப் பெட்டியில் ஒட்டிய கை யாருடையது? நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த 1980களில், பொழுது புலருமுன்னரே ஊருக்குள் ஆபீஸ் வண்டி வந்துவிடும். உறங்கிய கண்களோடு சிறுமியர் அதில் ஏறுவர். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர்களுக்கு எதிரே வரிசையாக விடுப்புக் குறிகள் இருக்கும். என்றேனும் ஒருநாள் பள்ளிக்கு வந்தால், சிலேட்டைப் பிடித்த விரல்களின் இடுக்கில் காய்ந்த பசை வெள்ளையாகத் தெரியும். பெட்டி ஒட்டுவதும் கட்டை அடுக்குவதும் அவர்களுக்குக் கணக்குப் பாடத்தைவிட நன்றாக வரும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசியைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றது. பின்னர் இயந்திரங்களும் பெருகின. பள்ளியில் பெண்களின் எண்ணிக்கையும் உயர்ந்ததை நான் கண்ணாரக் கண்டேன். ஆகையால், கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிய லேபிள்களை யாரேனும் பெருமையோடு காட்டும்பொழுது, என் பார்வை படத்தில் நில்லாமல், அதன் பின்புறத்துப் பசைக்கறையைத் தேடிச் செல்கிறது.

லேபிள் என்பதே இன்று அருகிவிட்டது. முன்னாளில் மெல்லிய மரச்சீவலை மடித்துப் பெட்டி செய்து, அதன்மேல் தாளை ஒட்டினார்கள். இப்பொழுதோ அட்டையிலேயே படத்தை அச்சிட்டு மடித்துவிடுகின்றனர். 2007இல் ஒரு ரூபாயான பெட்டி, 2021 டிசம்பர் முதல் இரண்டு ரூபாய்க்கு விற்கலாயிற்று. அந்த விலைமாற்றத்தையும் அட்டையே காட்டும். எனவே இன்றைய பெட்டியையும் இகழ்ந்து எறியவேண்டாம்.

பழைய பெட்டி கிடைத்தால் உடனே நீரில் போடாதீர்கள். சில மைகள் கரைந்துவிடும். ஓரத்தில் ஒரு துளி நீரிட்டுப் பார்த்தபின், மை கரையாது என்று தெரிந்தால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவையுங்கள். தாள் தானாக விலகும்போது எடுத்து, இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே உலர்த்துங்கள். இரட்டைப் பெட்டி கிடைத்தால் ஒன்றைப் பிரிக்காமல் முழுதாகவே வைத்திருப்பது மேல். பிறகு உங்கள் ஊரில் ஆபீசுக்குப் போய்வந்த பாட்டிமார் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். எந்த ஆபீஸ், எந்த வருஷம், ஒரு குரோசு ஒட்ட என்ன கூலி என்று அவர் சொல்லுவதைத் தாளின் பின்புறம் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை முன்புறம் ஊறிவிடும்.