தலைமையாசிரியருக்குத் துணை யார்?



தமிழ்ப்பள்ளியைப் பற்றி மேடையில் பேசும்போது மாணவர் எண்ணிக்கையைப் பேசுகிறோம், தேர்ச்சியைப் பேசுகிறோம், கட்டடத்தைப் பேசுகிறோம். இவை அத்தனையும் ஒரே மேசைக்கு வந்து சேருகின்றன. அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி இன்று பேசுகிறேன்.

ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மாசாய், தாமான் துன் அமினா போன்றவை பெரிய பள்ளிகள். அங்கே இடநெருக்கடிதான் தலைவலி. குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டப் பள்ளிகளின் கதை வேறு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட வேலைக்கு வெளிநாட்டார் வந்தார்கள். நம் குடும்பங்கள் ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்கிற்கும் குடிபெயர்ந்தன. பள்ளி மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டது. 150 மாணவருக்குக் கீழே போனால் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். 30 பேர்கூட இல்லையென்றால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்துக் கூட்டு வகுப்பு நடத்த வேண்டும்.

ஆசிரியர் எத்தனை, அலுவலகப் பணியாளர் எத்தனை, மானியம் எவ்வளவு என்பதெல்லாம் பெரும்பாலும் தலைக்கணக்கைப் பொறுத்தவை. ஆனால் ஒரு பள்ளியை நடத்தும் வேலை தலைக்கணக்கோடு சேர்ந்து குறைவதில்லை. 40 பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் 800 பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் கல்வி அமைச்சுக்கு அனுப்பும் அறிக்கைகள் ஏறக்குறைய அதே அறிக்கைகள்தாம். பாடநூல் கடனுதவி, துணை உணவுத் திட்டம், வருகைப் பதிவு, வகுப்பறை மதிப்பீடு, சொத்துப் பட்டியல் என ஒன்றையும் விட முடியாது. பெரிய பள்ளியில் இவற்றைப் பிரித்துக்கொள்ளப் பலர் உண்டு. சிறிய பள்ளியில் துணைத்தலைமையாசிரியர்களே வகுப்பாசிரியர்கள்.

ஒரு தோட்டப் பள்ளியில் நான் பார்த்த காலைப் பொழுதைச் சொல்கிறேன். ஆசிரியை ஒருவர் மருத்துவ விடுப்பு. ஈராண்டுப் பிள்ளைகள் சேர்ந்த கூட்டு வகுப்புக்குத் தலைமையாசிரியரே போகிறார். ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் கொடுத்துவிட்டு மறுபக்கம் திரும்புவதற்குள் கைப்பேசியில் புலனச் செய்தி: மாவட்டக் கல்வி அலுவலகம் நண்பகலுக்குள் ஒரு விவரம் கேட்கிறது. தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்க வந்தவர் வாசலில் நிற்கிறார்; அவருக்கு விலைப்புள்ளித் தாளில் கையெழுத்து வேண்டும். அலுவலகத்தில் எழுத்தர் நாற்காலி காலி. இடமாற்றலாகிப் போனவருக்கு மாற்று ஆள் இன்னும் வரவில்லை. அன்று அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பும்போதெல்லாம் குரலைச் சரிசெய்துகொண்டார். அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் எழுத்தரான கிராணியே வாத்தியாராக நின்று எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். இன்று வாத்தியார் கிராணி வேலையும் பார்க்கிறார். இதை வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதை மட்டும்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். முழு உதவி பெறும் பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளி என்ற பிரிவு நிலத்தின் உரிமையோடு பிணைந்தது. பகுதி உதவிப் பள்ளி ஆசிரியர்களுக்கும் அரசாங்கமே சம்பளம் தருகிறது; ஆனால் நிலம் தோட்டத்துடையது என்றால் ஒரு சுவர் எழுப்பவும் பல கதவுகளைத் தட்ட வேண்டும். 2012 வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கென 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது நல்ல காரியம். அந்தப் பணம் கட்டடத்துக்கு உரியது. சிறிய பள்ளியின் அன்றாடத் தட்டுப்பாடு வேறு மாதிரி. குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போட்டிக்குப் போகப் பேருந்து வாடகை 12 பிள்ளைகளுக்கும் 40 பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். தலைக்கணக்கு மானியத்துக்கு அது தெரியாது.

பணித்திறப் பயிற்சிக்கு வருகிறேன். என் கவலை முழுவதும் இங்கேதான். 1979இல் தொடங்கிய அமினுடின் பாக்கி கழகம் பள்ளித் தலைவர்களுக்கான தேசியத் தகுதிப் பயிற்சியை நடத்துகிறது. 2013-2025 கல்விப் பெருந்திட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் உயர்திறன் கொண்ட தலைவர் வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது. ஆக, பயிற்சி இல்லாமல் இல்லை. அதற்குப் போக முடியாமல்தான் இருக்கிறது. தலைமையாசிரியர் மூன்று நாள் போனால் அவருடைய பாடவேளைகளை யார் எடுப்பது? அவர் ஓர் ஆசிரியரை அனுப்பினால் அந்தக் கூட்டு வகுப்பு என்ன ஆகும்? ஜொகூருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 2014 முதல் 2024 முடிய இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. கல்வி அமைச்சு உள்ள புத்ராஜெயாவில் சனி, ஞாயிறு. இரு பக்கமும் வேலை செய்த நாள்கள் வாரத்தில் நான்குதான். 2025 ஜனவரியில் அது சரியானது. ஆள் இல்லாத சிக்கல் அப்படியே இருக்கிறது.

உலகளவிலும் இந்தக் குரல் கேட்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு 2008இல் தொடங்கிய டாலிஸ் ஆய்வு, பள்ளித் தலைவர்களிடம் ஆசிரியர் பற்றாக்குறை, உதவிப் பணியாளர் பற்றாக்குறை என்று தனித்தனியாகவே கேட்கிறது. 2008, 2013 இரு சுற்றுகளிலும் மலேசியா பங்கேற்றது. நம் கூட்டங்களில் அந்த இரண்டாவது கேள்வியை எழுப்புபவர் அரிது. ஆள், பணம், பயிற்சி என்று மூன்று தனித் தீர்மானங்கள் போடுகிறோம். ஆள் கிடைத்தால்தான் பயிற்சிக்குப் போக முடியும், பணத்துக்கு ஒழுங்காக விண்ணப்பம் எழுதவும் முடியும்.

அதனால் கொடையாளர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். நுழைவாயில் வளைவு கட்டித் தருகிறீர்கள், திறன்பலகை வாங்கித் தருகிறீர்கள், பெயர் பொறித்த கல் பதிக்கிறீர்கள். நன்றி. இனி ஓர் ஆளைக் கொடுங்கள். அடுத்தடுத்துள்ள இரண்டு சிறிய பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் அலுவலக உதவியாளர். பள்ளிக்கு இரண்டரை நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். அவருடைய ஓராண்டுச் சம்பளத்தை உங்கள் அறக்கட்டளையின் வட்டியிலிருந்து கொடுக்கலாம். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்று, பள்ளி வாரியமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ நியமிக்கட்டும். தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போகும் நாள்களில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள, ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பட்டியல் ஒன்றை மாவட்டந்தோறும் தயாரிக்கலாம். இந்த அவையிலேயே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். கூட்டு வகுப்பு நடத்தும் நுட்பத்தை நன்கு அறிந்தவர்கள் நீங்கள். மண்டபத்தை விட்டுப் போகுமுன் செயலாளரிடம் உங்கள் பெயரையும், எந்த வட்டாரத்துக்குப் போக முடியும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். சிகாமட்டுக்கு முதலில் ஆள் வேண்டும்.